விமானம் ஓட்டினவளின் கடைசிப் பக்கம்

ஆம்பூரில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் இவர்கள் தெருப் பெண்கள் கூடி, ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கதை கேட்பார்களாம். இப்போது விமானம் ஓட்டும் ஒரு பெண்ணின் கதை.

“மழை மேகத்துல மாட்டிக்கினாளே, அப்புறம் இன்னா ஆனா?”

“தெரியல. கடைசிப் பக்கத்த எலி கடிச்சிடுச்சி,” என்றாள் வாசிப்பவள்.

கேட்டவள் புத்தகத்தை வாங்கி ஓரத்தைத் தடவினாள்.

“எலி இவ்ளோ நேரா கடிக்குமாக்கா? இது செருப்புத் தோல் சீவுற கத்தியோட வெட்டு. எங்க வீட்லயும் அந்தக் கத்தி இருக்குது, தெரியாதா எனக்கு? உங்க வீட்டுக்காரரு படிச்சிப் பாத்துட்டுதான குடுக்கறாரு?”

“எப்பவும் அப்டிதான்.”

குடியாத்தம் தாண்டியதும் கேட்டவள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

“அப்ப அவ விழலக்கா. விழுந்திருந்தா அந்தப் பக்கத்த நமக்கு வுட்டு வெச்சிருப்பாரு.”