ஆணி இல்லாத நான்கு டயர்கள்

எனது பெயர் சுன்னிவா மியெல்டே. வயது 38. பெர்கன் நகரம், லக்செவோக் பகுதியில், கணவர் ஹல்வோர் நெஸ்தெகார், மகள் தூவா ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். கப்பல் கம்பெனி ஒன்றில் சரக்குப் பதிவு வேலை செய்கிறேன். கணவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டிய கட்டாயம் சட்டப்படி எனக்கு இல்லை என்று விசாரணை அதிகாரி இரண்டு முறை விளக்கினார். விளங்கிக்கொண்டேன். இருந்தும் சொல்கிறேன்.

பிப்ரவரி மாதப் பள்ளி விடுமுறையில் மலைச் சாலையில் நடந்த விபத்து பற்றி அன்றே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அந்தச் சாலையை மூடித் திறக்கும் மௌர்செத் தடுப்புக் கம்பத்தில் வண்டிகளைச் சோதித்த ஷூர் விவெலி என்பவர் எங்கள் டயர்களைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை என்று என் கணவர் சொல்லியிருக்கிறார். அந்த நேரம் தூங்கிக்கொண்டிருந்ததாக நான் சொல்லியிருக்கிறேன். கேட்காமல் வண்டியை மலைமேல் அனுப்பிய குற்றத்துக்காக ஷூர் இப்போது விசாரணையில் இருக்கிறார். அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி, "நான் கேட்டேன். அந்தம்மா முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க, என்னைப் பாத்தாங்க. அவங்களையே கேளுங்க" என்று சொன்னதாக அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

சென்ற இலையுதிர்காலத்தில் என் கணவர் ஜெர்மனியிலிருந்து இறக்குமதியான பழைய எஸ்.யூ.வி. ஒன்றை வாங்கினார். அதன் பின்பக்கத்தில் நான்கு குளிர்காலச் சக்கரங்கள் சும்மா கிடந்தன. சும்மா கிடைத்த பொருள் என்றால் என் கணவருக்கு வாயெல்லாம் பல். நான் பிடிவாதம் பிடித்ததால் டயர் கடைக்குப் போனோம். கடையிலிருந்த பெனெடிக்டே என்ற பெண் அந்தச் சக்கரங்களில் ஒன்றை உருட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இது ஜெர்மன்காரனோட குளிருக்குச் செஞ்சது. மழைக்கும் சேத்துக்கும் நல்லா இருக்கும். நம்ம மலைக்குக் கொண்டுபோனா ரப்பர் கட்டையாயிடும். ஐஸைப் பிடிக்கற மாதிரி இரும்பு ஆணி பதிச்ச டயர் எடுத்துக்கோங்க. நான் விக்கிறவ, அப்படித்தான் சொல்லுவேன், ஆனா என் அண்ணன் வந்தாலும் இதையேதான் சொல்லுவேன்."

"குளிர்கால டயர்னு பனிப்பூ முத்திரை போட்டிருக்கு பாரு. சட்டத்துக்கு இது போதும்" என்றார் ஹல்வோர். "நான் மலையில பொறந்த யெய்லோக்காரன். நடக்கக் கத்துக்கறதுக்கு முன்னாடியே சறுக்குக்கட்டையில நின்னவன்."

"நீ எந்த ஊருன்னு டயருக்குத் தெரியுமா, ஹல்வோர்?" என்று நான் கேட்டேன்.

பெனெடிக்டே சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததுதான் தப்பாகப் போயிற்று. "எங்க வீட்டுப் பெர்கன்காரி, மழை ஊர்க்காரி. குடை வாங்கணும்னா இவகிட்ட யோசனை கேக்கலாம்" என்று சொல்லி அவரும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது. அதன் பின் ஆணி டயர்தான் என்று முடிவாகி, முன்பணம் கொடுத்து வந்தோம். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதன் பின் டயர் மாற்றிய அன்று வண்டி எங்கள் நிலத்தடி நிறுத்துமிடத்துக்குள் வந்தது. ஆணி டயர் சிமெண்டுத் தரையில் வந்தால் கரகரவென்று பொரி வறுக்கும் சத்தம் கேட்கும். பக்கத்து வீட்டு வண்டிகளெல்லாம் அப்படித்தான் வரும். எங்கள் வண்டி பூனை மாதிரி வந்து நின்றது. கேட்டதற்கு, "ஆணியில்லாத நம்ம ஊர் ரகம். காதுக்கு எவ்வளவு சுகமா இருக்கு பாரு" என்றார். மறுநாள் நான் கடைக்குப் போன் செய்தேன். ஆர்டரை ரத்து செய்துவிட்டு, அந்த ஜெர்மன் சக்கரங்கள் நான்கையும் வேறெங்கோ மாட்டிக்கொண்டார் என்று பெனெடிக்டே சொன்னாள். இதைப் பற்றி நான் அவரிடம் பேசவில்லை. ஹல்வோர் கத்துகிற ஆள் இல்லை. அவர் பேசாமல் இருப்பார். வாரக்கணக்கில் பேசாமல் இருப்பார். ஒரே வீட்டில் அப்படி இருப்பது எவ்வளவு பயம் என்று இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதன் பின் பிப்ரவரி விடுமுறைக்கு யெய்லோவில் உள்ள மாமனார் வீட்டுக்குப் புறப்பட்டோம். மௌர்செத்தில் கம்பம் இறங்கியிருந்தது. மேலே காற்று அதிகம் என்பதால் பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் ஒரே வரிசையில், கான்வாயாகத்தான் போக விடுவார்கள் என்றார்கள். தூவா பின்சீட்டில் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள். ஷூர் விவெலி ஒவ்வொரு வண்டியாகக் கேட்டுக்கொண்டு வந்தார். எங்கள் ஜன்னலுக்கு வந்து, எரிபொருள் இருக்கிறதா, கம்பளி உடுப்பு கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று கேட்டார்.

"முன்னாடி போற சிவப்பு விளக்கை விட்டுடாதீங்க. என்ன ஆனாலும் கதவைத் திறந்து இறங்கக் கூடாது. ஆணி டயர்தானே?"

"ஆணிதான்" என்றார் என் கணவர்.

இது என் காதில் தெளிவாக விழுந்தது. ஷூர் சக்கரத்தின் பக்கம் குனிந்தார். சக்கரம் முழுக்கப் பனி அப்பியிருந்தது. அவர் கையுறையால் தட்டப் போனபோது என் கணவர், "யோவ், நான் யெய்லோக்காரன். என்கிட்டயேவா டயர் பாக்கறே?" என்றார்.

ஷூர் நிமிர்ந்துவிட்டார். "யெய்லோவா? அப்ப என் வண்டியை நீதான் வந்து பாக்கணும்" என்று சிரித்துக் கூரையைத் தட்டினார். மலைக்காரன் மலைக்காரனின் டயரைச் சுரண்டிப் பார்ப்பது மரியாதை இல்லை. நான் ஓட்டியிருந்தால், என் பெர்கன் பேச்சைக் கேட்டதும் நான்கு சக்கரத்தையும் சுரண்டியிருப்பார். போகும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அவரைப் பார்த்தேன். வாயைத் திறந்திருக்கலாம். திறந்திருந்தால் வண்டியைத் திருப்பச் சொல்லியிருப்பார், கணவர் வீடு வரை ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார். அதற்குப் பயந்து மகளை அந்த வண்டியில் மலைக்குக் கூட்டிப்போனேன்.

அதன் பின் கம்பம் தூக்கப்பட்டது. பனி தள்ளும் வண்டி முதலிலும், ஷூரின் வண்டி கடைசியிலும், நாங்கள் நடுவிலுமாகப் போனோம். மேலே ஏறியதும் வானம், தரை, சாலையோரக் கம்புகள் எதுவும் தெரியவில்லை. முன்னால் இரண்டு சிவப்புப் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. ஒரு ஏற்றத்தில் அவை நின்றன, நாங்களும் நின்றோம். அவை மீண்டும் நகர்ந்தபோது எங்களால் நகர முடியவில்லை. காற்று பனியை வாரிக்கொண்டு போய்த் தரை கண்ணாடியாக இருந்தது. நான்கு சக்கரமும் நின்ற இடத்திலேயே சுற்றின. சிவப்புப் புள்ளிகள் மறைந்தன. நான் என் வாழ்நாளில் அப்படி ஒரு வெள்ளையைப் பார்த்ததில்லை.

"இரு, சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிட்டு வந்துடறேன்" என்றார் ஹல்வோர்.

"இறங்காதே. அந்த ஆளு சொன்னாரில்ல, இறங்காதே!"

அவர் இறங்கிவிட்டார். இரண்டு எட்டு வைத்ததும் ஆளைக் காணவில்லை. நான் அவர் இருக்கைக்குத் தாவி பிரேக்கை அழுத்திக்கொண்டு, ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் இருந்தேன். பின்னால் ஒரு வேனின் விளக்குகள் மங்கலாகத் தெரிந்தன. அதன் பின் ஷூர், வண்டி வண்டியாகப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். எங்கிருந்தோ என் கணவரின் கோட்டுத் தொப்பியைப் பிடித்து இழுத்துவந்து, பக்கத்துக் கதவைத் திறந்து மூட்டை போல உள்ளே தள்ளினார். அதன் பின், வேனைப் பின்னால் எடுக்கச் சொல்வதற்காக எங்கள் வண்டிக்குப் பின்பக்கம் போனார்.

அப்போது வண்டி நகர்ந்தது. பிரேக்கை முழுவதுமாக மிதித்திருந்தேன். கைப்பிரேக்கும் போட்டிருந்தது. சக்கரங்கள் சுற்றவே இல்லை. சுற்றாத சக்கரங்களோடு எங்கள் வண்டி பின்னால் வழுக்கியது. கண்ணாடியில் வேனின் விளக்குகள் பெரிதாயின.

"அம்மா, நாம ஏன் பின்னாடி போறோம்?" என்றாள் தூவா.

மெதுவாகத்தான் இடித்தது. தூவா கையிலிருந்த ரொட்டிகூட விழவில்லை. அதன் பின் கேட்ட சத்தத்தை நான் காற்று என்று நினைத்தேன். காற்று இல்லை.

ஷூர் எங்கள் வண்டிக்கும் வேனுக்கும் நடுவில் இருந்தார். வேன்காரர் இறங்கி ஓடிவந்தார். நானும் கதவைத் திறக்கப் போனேன். அப்போது என் கணவர் என் கையைப் பிடித்தார். "அவன் டயரைப் பத்திக் கேக்கவே இல்ல. கேட்டியா, சுன்னிவா? கேக்கவே இல்ல" என்றார். அவரைத் தேடி இழுத்துவந்த மனிதர் அந்த நேரம் வெளியே பனியில் கிடந்தார்.

அதன் பின், சாலை முடிவிலுள்ள விடுதியில் போலீசார் கேட்டபோது, தூங்கிவிட்டேன் என்று சொன்னேன். ஷூருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது என்று பின்னர் தெரிந்துகொண்டேன். அந்தக் கம்பத்தில் இனி அவரை நிற்க விடுவார்களா, பொறுப்பில்லாதவர் என்று ஊர் சொல்லுமா என்பது என் வார்த்தையில் இருக்கிறது என்று அதிகாரி சொன்னார். நான் சொல்வதால் என் கணவர் மீது வழக்கு வரலாம் என்பதையும் சொன்னார்.

என் கணவர் இப்போது வெளியே நடைக்கூடத்தில் என் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் உள்ளே வரும்போது, "தூங்கிட்டேன்னு சொல்லு, அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். இதில் கையெழுத்துப் போட்டதும் அவர் ஓட்டும் வண்டியில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும்.

நான் தூங்கவில்லை. ஷூர் விவெலி கேட்டார். என் கணவர் பொய் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மேலே எழுதியிருப்பதை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார், நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை. யாருடைய பயமுறுத்தலுக்காகவும் இதைச் சொல்லவில்லை. பயந்துகொண்டேதான் சொன்னேன்.

(ஒப்பம்)
சுன்னிவா மியெல்டே