பருந்துக்குப் பக்கத்து ரூம்

அய்யய்யோ, அந்த ஜன்னல முழுசா தொறக்காதம்மா. அம்மாக்காரி இன்னும் இங்கதான் சுத்திட்டு இருக்கா. அன்னிக்கு துணி காயப்போடப் போனவள உச்சந்தலையில ஒரே பிராண்டு. அதுலேர்ந்து நான் தோட்டத்துப் பக்கம் போனா ஹெல்மெட் மாட்டிட்டுத்தான் போறது. சிரிக்காத, நீ குடி வந்தாலும் அதே கதிதான். ஆணியில தொங்குது பாரு, உனக்கும் சேத்துதான்.

காக்கா இல்லம்மா, பருந்து. அந்த மரத்துக் கவட்டையில குப்பையக் கொட்டி வெச்ச மாதிரி இருக்குல்ல, அதான் கூடு. நடுவுல பச்சையா ஒண்ணு தெரியுதா? ஜாக்கெட் கை. கீழ மிஷின் பாத்தேல்ல, நான்தான் தைக்கிறேன். வெட்டி வெச்ச கையக் காணோம்னு வீட்டையே தலைகீழா பொரட்டிட்டேன். ஜாக்கெட்டுக்காரி வாசல்ல நின்னு, டெய்லருங்கன்னாலே துணிய அமுக்குறவங்கதானேன்னு மானத்த வாங்கிட்டா. கடைசில பாத்தா மகாராணி அதுமேல முட்டை போட்டு உக்காந்திருக்கா. பக்கத்துல மெத்தைக்கு என் பையன் ஜட்டி.

ரெண்டு குஞ்சு. அழகெல்லாம் கேக்காத. பின்பக்கத்தத் தூக்கி கூட்டுக்கு வெளிய பீச்சியடிக்கும், அதுவும் நான் வெள்ளத் துணி காயப்போட்ட அன்னிக்கா பாத்து. மூத்தது சட்டுன்னு பறந்துடுச்சு. இளையது இருக்கே, கிளை நுனி வரைக்கும் வரும், கீழ எட்டிப் பாக்கும், அப்படியே பின்னாலேயே நகந்து போய் கூட்டுல குந்திக்கும்.

அம்மாக்காரி என்ன பண்ணா தெரியுமா? எலியத் தூக்கிட்டு வந்து எதிர்வீட்டுத் தண்ணி டேங்க் மேல உக்காந்துகிட்டா. குடுக்கல. இது கத்துது, தெருவுக்கே கேக்குது. அவ பாட்டுக்கு பிச்சுப் பிச்சு தானே தின்னுட்டா. என் பையனுக்குத்தான் மனசு கேக்கல. கறித்துண்ட குச்சியில குத்தி இந்த ஜன்னல் வழியா நீட்ட ஆரம்பிச்சுட்டான். வேளாவேளைக்கு சோறு வந்தா அது எதுக்குப் பறக்கப்போவுது, சொல்லு? நீ அதக் கெடுக்குறடான்னு திட்டி, வீட்டுல கறி வாங்குறதையே நிறுத்தினேன். அப்புறம் ஒரு காலையில தொபுக்குனு விழப்போச்சு, எப்படியோ ரெக்கைய அடிச்சு டேங்க் வரைக்கும் போயிடுச்சு. அவளும் எலிய அதுக்கிட்ட விட்டுட்டு நகந்துகிட்டா. வெக்கத்த விட்டுச் சொல்றேன், நான் ஹெல்மெட்டோட நின்னு அழுதேன்மா.

என்னது? ஆமா, கட்டில்ல கெடக்குறது ஆம்பள சட்டதான். ரூம் காலி இல்ல, என் பையன்தான் இருக்கான். இரு இரு, எந்திரிக்காத, சொல்லி முடிச்சுடுறேன்.

அவன் கப்பல் வேலைக்குப் படிச்சவன். ரெண்டு தடவ கூப்பிட்டாங்க, கடல் எனக்கு ஒத்துக்காதுன்னுட்டான். சுத்தப் பொய். அவங்கப்பா போனதுக்கப்புறம் ஒருநாள் எனக்கு சுகர் எறங்கி மிஷின் மேலயே சாஞ்சுட்டேன். அன்னிலேர்ந்து பய தெருமுனைக் கடைக்குப் போனாக்கூட போன் பண்ணி, என்ன சாப்பிட்டேங்கிறான். அந்தக் குஞ்சாவது பயத்துல உக்காந்திருந்துச்சு. இவன் எனக்காக உக்காந்திருக்கான். எந்த எலியக் காட்டி இவனக் கெளப்புறது?

இப்ப மறுபடியும் கூப்பிட்டிருக்காங்க. இதையும் விட்டான்னா அவ்வளவுதான், அப்புறம் யாரும் கூப்பிட மாட்டாங்க. அதான் புரோக்கர்கிட்ட, எனக்கு ஆம்பளையோ பொம்பளையோ, ஆஸ்பத்திரில வேலை பாக்குற ஆளா பாத்து அனுப்புன்னு பிடிவாதமா நின்னேன்.

பைக் சத்தம் கேக்குதா? அவன்தான். ரூம வாடகைக்கு விடுறேன்னு அவனுக்கு இன்னும் தெரியாது. வந்து தைய தக்கான்னு குதிப்பான், நீ கண்டுக்காத. பேரு ஊரெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம். மொதல்ல நர்ஸுன்னு சொல்லு.