நிர்வாகத்திடமிருந்து எதுவும் வரவில்லை

மார்ச் மாதம் பதினான்காம் நாள், சனிக்கிழமை, மாலை ஐந்து மணி பத்து நிமிடம். மழை பெய்யவில்லை, பெய்யும் எண்ணத்தில் மட்டும் இருந்தது. நான் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தேன். பின்கால்கள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்க வேண்டும் எனக்கு. அதைத் தவிரப் பெரிய ஆசைகள் எதுவும் எனக்கு இருந்ததில்லை.

எங்கள் ஊர்க் கால்பந்துக் கழகத்தின் ரசிகர் சங்கத்துக்கு நான் பதினோரு ஆண்டுகளாகச் செயலாளர். முடிதிருத்தகத்தின் மாடியறையில் சனிக்கிழமைதோறும் கூடுவோம். நிர்வாகம் ஏன் இப்படி இருக்கிறது, நம்மிடம் ஏன் எதையும் சொல்வதில்லை, நெட்டையன் ஏன் போனார்: இவையே எங்கள் பேசுபொருள். நெட்டையன் எங்கள் பழைய அணித்தலைவர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், ஆட்டப் பருவத்தின் நடுவே விலகிப்போனார். நிர்வாகம் துரத்திவிட்டது என்பார் கீழ்க்கடைக்காரரான முடிதிருத்துநர். தானாக ஓடிப்போனார் என்பார் பேருந்து ஓட்டுநரான என் மைத்துனர். மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கமாக அமர்வார்கள். நான் நடுவில் அமர்ந்து குறிப்பெடுப்பேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் கழக நிர்வாகம் முதன்முறையாக எங்களுக்குக் கடிதம் எழுதியது. வடக்கு வாயிலை ஏன் மூடினார்கள், இளம் கோல்கீப்பரை ஏன் வெளியே உட்கார வைத்தார்கள் என்றெல்லாம் தெளிவாக விளக்கியிருந்தார்கள். நான் அதை நேர்மையாக வாசித்தேன். முடித்ததும் யாரோ, “அப்ப சரி” என்றார். அனைவரும் எழுந்து போய்விட்டார்கள். தேநீர் அப்போதுதான் கொதிக்கத் தொடங்கியிருந்தது. இருபத்திரண்டு கோப்பைகளை அப்படியே திரும்ப அடுக்கினேன். அடுத்த வாரம் மூவர் வந்தார்கள்; அவர்களில் ஒருவர் குடையை எடுக்க வந்தவர்.

அந்த மூவரிடமும், “இந்த வாரம் நிர்வாகத்துக்கிட்டேர்ந்து எதுவும் வரலை” என்றேன். அன்று அது உண்மை. மூவர் முகமும் மலர்ந்தது. குடைக்காரர் குடையை மறுபடியும் மூலையில் சாத்திவிட்டு, “அவங்களுக்கு நம்மளைக் கண்டா அவ்வளவு இளக்காரம்” என்று தொடங்கினார். அடுத்த சனிக்கிழமை பத்தொன்பது பேர் வந்தார்கள். இவ்வளவு பயனுள்ள ஒரு வாக்கியத்தைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

நிர்வாகத்தின் கடிதங்கள் மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தன. சங்கத்துக்கு வரும் கடிதங்களைச் செயலாளர் பிரித்துக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும் என்பது விதி. எந்தக் கூட்டத்தில் என்று விதி சொல்லவில்லை. ஒவ்வொன்றிலும் பெற்ற நாளைக் குறித்து இரும்பு அலமாரியில் வைத்தேன். எதையும் கிழித்ததில்லை. ரசிகர்களில் இருவரை நிர்வாகக் குழுவில் சேர்த்துக்கொள்ள விரும்புவதாக ஒருமுறை எழுதியிருந்தார்கள். எங்கள் உறுப்பினர்களுக்கு அதில் நாட்டமில்லை என்று அன்றே பதில் எழுதிவிட்டேன். பதில் கேட்பவரைக் காக்க வைப்பது மரியாதையல்ல.

நெட்டையனின் கடிதம் வந்தது ஏழு ஆண்டுகளுக்கு முன். நான்கு பக்கம். தாயார் படுத்த படுக்கையாகிவிட்டதையும், நிர்வாகமே அவரைப் போய்ப் பார்த்துக்கொள்ளச் சொன்னதையும், தன் சட்டை எண்ணை வேறு யாருக்கும் தராமல் வைத்திருப்பதையும் எழுதியிருந்தார். தாயார் காலமாகிவிட்டார், ரசிகர்கள் ஒரு வரி எழுதினால் பயிற்சியாளராகத் திரும்பி வருவேன் என்று முடித்திருந்தார். இருமுறை படித்தேன். கண் கலங்கியது. தனி உறையிலிட்டு வைத்தேன். அவர் ஓர் ஆண்டு காத்திருந்துவிட்டு ஆற்றுக்கு அக்கரையிலுள்ள கழகத்துக்குப் பயிற்சியாளராகப் போனார். அவர்கள் எங்களை ஐந்துக்குப் பூஜ்யம் என்று வென்றார்கள். அந்த வாரக் கூட்டத்துக்கு முப்பது பேர்.

சென்ற ஆண்டு முடிதிருத்துநரின் மகனுக்கும் என் மைத்துனரின் மகளுக்கும் திருமணம் பேசினார்கள். பிள்ளைகள் தாங்களே விரும்பியது. நாள் குறித்த அன்று மாலை பேச்சு நெட்டையனிடம் வந்து நின்றது.

“நெட்டையனை ஓடிப்போனவன்னு சொல்ற வீட்ல எனக்குச் சம்பந்தம் வேணாம்” என்றார் முடிதிருத்துநர்.

“நான் மட்டும் என்ன, புளுகுமூட்டை வீட்டுக்கா பொண்ணைக் கொடுப்பேன்?” என்றார் மைத்துனர்.

அந்தப் பெண் எங்கள் வீட்டுச் சமையலறையில் என் மனைவியின் தோளில் சாய்ந்து அழுதாள். அடுத்த அறையில் நான் நிகழ்ச்சி நிரல் தயாரித்துக்கொண்டிருந்தேன். சுவர் மெல்லியது, எல்லாம் கேட்டது. கூட்டத்தில் அந்தப் பேசுபொருள் மூன்று வாரம் ஓடியது. கீழ்க்கடையிலிருந்து நாற்காலிகள் இரவல் வாங்க வேண்டியிருந்தது.

இனி மார்ச் பதினான்கு. ஐந்தே கால் மணிக்கு, கட்டுமான வேலை ஒன்றைப் பார்வையிட அக்கரையிலிருந்து வந்த நெடிய மனிதர் ஒருவர் கீழே முகம் மழிக்க உட்கார்ந்திருக்கிறார். பாதி முகம் மழித்த பிறகே முடிதிருத்துநருக்கு ஆள் அடையாளம் தெரிந்திருக்கிறது. கையோடு மாடிக்கு அழைத்துவந்துவிட்டார். நெட்டையன் ஒரு கன்னத்தில் நுரையோடு எங்கள் நடுவே நின்றார்.

“இவங்களுக்கு நீயே சொல்லுப்பா. ஏன் எங்களை விட்டுட்டுப் போனே?” என்றார் முடிதிருத்துநர்.

“அதான் எழுதினேனேண்ணே. ஒருத்தர்கூடப் பதில் போடலை.” அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “திரும்பவும் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. நீங்க தேடிப் படிச்சுக்கோங்க.”

நுரையைத் துடைத்துக்கொண்டு, மறுகன்னம் மழிக்காமலே இறங்கிப்போனார்.

பார்வைகள் என் பக்கம் திரும்பும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றுகூடத் திரும்பவில்லை. கடிதத்தை நிர்வாகம் அமுக்கிவிட்டது என்றது ஒரு தரப்பு. அஞ்சலகம் தொலைத்துவிட்டது என்றது மறுதரப்பு. விசாரணை வைக்க முடிவாயிற்று. எழுதப்போகும் தீர்ப்பு எதுவானாலும், அதன்படி கல்யாணத்தைப் பேசிக்கொள்வதாக இரு தகப்பன்மாரும் ஒப்புக்கொண்டார்கள்.

விசாரணையாளராக ஓய்வுபெற்ற கால்பந்து நடுவர் ஒருவர் வெளியூரிலிருந்து வந்தார். மாடியறையில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். “கடிதம் உங்க கைக்கு வந்துதா?” என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. ஆம் என்றேன். அலமாரியைத் திறந்து தொண்ணூற்றொரு கடிதங்களையும் தேதி வரிசையில் காட்டினேன். மேலே நீங்கள் படித்தவற்றை எல்லாம் அவரிடமும் சொன்னேன். அவர் நெட்டையனின் உறையைப் பிரித்து நான்கு பக்கத்தையும் படித்தார்.

“ஒரு பொண்ணோட வாழ்க்கைய்யா” என்றார்.

“அந்த மூணு வாரமும் கூட்டத்துக்கு ஒருத்தர்கூட வராம இருக்கலைங்க” என்றேன்.

அவர் மேசையில் குனிந்து எழுதினார். செயலாளர் நீக்கப்படுகிறார், கடிதங்கள் அனைத்தும் உறுப்பினர்முன் வாசிக்கப்பட வேண்டும், முதலில் நெட்டையனுடையது. கையொப்பமிட்டு உறையில் போட்டு ஒட்டினார். சங்கத்தின் முடிவுகள் யாரிடம் தரப்பட வேண்டும் என்று கேட்டார். விதிப் புத்தகத்தைக் காட்டினேன்: செயலாளரிடம். விசில் ஊதியபின் திரும்பிப் பார்க்காத பழக்கம் அவருக்கு. உறையை என் கையில் கொடுத்துவிட்டு ஆறு மணிப் பேருந்துக்குப் போனார்.

உறையின்மேல் பெற்ற நாளைக் குறித்தேன். படிக்கட்டின் கீழே என் மைத்துனர் மகள் நின்றிருந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள்.

“ஏதாவது வந்துதா மாமா?”

ஒருவரையும் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. உடனே பதில் சொன்னேன்.

“இன்னும் எதுவும் வரலைம்மா.”