பஞ்சாட்சரத்தின் அனல் தட்டி

"நாலு நாளா தறி நிக்குது சார். கல்யாணப் புடவை. தை ஆறு முகூர்த்தம். அட்டையே காணோம்னா என்னாத்த நெய்யறது?"

மார்கழிப் பனிக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் புறப்பட்ட கலைவாணன், எதிர்வீட்டுக்குக் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தெருவில் பஞ்சாட்சரம் மூட்டியிருந்த நெருப்பைத் தாண்டிப் போவது எளிதன்று என்பதை அவர் அறியமாட்டார்.

"குந்துங்க சார், குந்துங்க. அட்டைன்னா... ஓட்டை ஓட்டையா துளை போட்டு, வரிசையா நூல்ல கோத்து, தறி மேல தொங்கும். என்னுது செவப்பு நூலு. புடவையில மயிலு வரணும்னா அந்த ஓட்டை சொல்லணும். அமாவாசைக்குத் தறி லீவு இல்ல? எலி கடிச்சிடும்னு நானே கழட்டி பரண்மேல வெச்சேன். மறுநா பாத்தா இல்ல. யார் வேலைன்னு தெரியும். என் மச்சான் சிவராஜ். அதோ, மூணாவது வூடு. கேட்டா மீசையத் தடவிக்கினு சிரிக்கிறான். அது ஒரு மீசை... எலிவாலு. இத பாருங்க, முப்பது வருச மீசை. சும்மா வுடுவனா? நேரா காமாட்சியம்மன் கோயிலுக்குப் போனேன். அட்டைய எடுத்தவன் மீசைய நீயே வாங்கிக்கோ தாயின்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

"சூடு நல்லா அடிக்குதா? இந்தத் தட்டி இல்லாங்காட்டி பாதி அனலு தெருவுக்குத்தான் போவும். இப்ப மொத்தமும் நம்ம பக்கம் திரும்புது பாத்தீங்களா? எல்லாம் குப்பை சார். பார்சல்ல வர்ற வெள்ளித்தாளு, சைக்கிள் கம்பி, பரண்ல கெடந்த பழைய டிசைன் அட்டை. விசிறியாட்டம் மடிஞ்சு தானா நிக்குது. அமாவாசை அன்னிக்கு சும்மா குந்தினு இருக்கமுடியாம செஞ்சது. கண்ணாடி போட்டுக்கினு செய்யின்னா எம் பொண்டாட்டி துர்காதேவி. எனக்கெதுக்குக் கண்ணாடி, கையால தடவியே ஜரிகை தரம் சொல்றவன்...

"எங்க சார் தட்டிக்குப் பின்னால போறீங்க? அங்க சூடு கெடையாது. என்னாத்த படிக்கிறீங்க? நம்பரா? பழசுலயும் நம்பர் இருக்கும்... மயிலா? மயிலு வரைஞ்சிருக்குதா? கோத்திருக்கிற நூலு... வெள்ளைதானே? செவப்பா?"

பஞ்சாட்சரம் எழுந்த வேகத்தில் வேட்டி அவிழப் பார்த்தது. வாசலில் இருந்த வாளித் தண்ணீர் முழுவதையும் நெருப்பின்மேல் கொட்டிவிட்டுத் தட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். இரண்டு அட்டைகளின் ஓரம் மட்டும் கருகியிருந்தது. கல்யாணப் புடவை பிழைத்தது. அந்நேரம் பார்த்து மூன்றாவது வீட்டுக் கதவு திறக்கும் ஓசை கேட்டது. கலைவாணன் பால் தூக்கை எடுத்துக்கொண்டு மெல்ல நழுவினார்.

"சார், பாலுக்குத்தானே? மச்சான்கிட்ட மூச்சு வுடாதீங்க." பஞ்சாட்சரம் குரலைத் தாழ்த்தினார். கை தானாக மீசைக்குப் போனது. "அப்டியே... முடிவெட்டுற கடை தொறந்துட்டாங்களான்னு ஒரு பார்வை பாத்துட்டு வாங்க."