யாழ்க்காரியின் விரல்கள்

நைல் நதியின் எங்கள் மேற்குக் கரையில் தேநீருக்கு இவ்வளவு சர்க்கரைதான் போடுவார்கள், ஐயா. எனக்குப் பழக்கம்தான். நீங்களும் குடியுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா, எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பழங்காலக் கல்லறையின் ஓவியச் சுவர்களில் உதிரும் வண்ணத்தை ஒட்டிக் காப்பது என் வேலை. வாத்துகள், தாமரைக் குளம், யாழ் மீட்டும் ஒருத்தி. மூச்சின் ஈரம் பட்டால் சுண்ணத்துக்குள் இருக்கும் உப்பு வெளியே வரும். வண்ணம் செதில் செதிலாக உதிரும். கண்காணிப்பாளர் ஹாஸிமிடம் இதைச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தது. மேலிடத்தில் சொன்னேன். "பார்க்கலாம்" என்றார்கள். அவரோ விருந்தாளிகளைக் கூட்டம் கூட்டமாக அழைத்து வருவார்.

"மூவாயிரம் வருஷமா கெடாதது நாலு பேரு மூச்சு விட்டா கெட்டுடுமா இக்லாஸ் அக்கா? சுவத்துக்கே வாக்கப்பட்டவங்க மாதிரி பேசறீங்களே" என்று எல்லார் முன்னாலும் சிரிப்பார்.

பெருநாளுக்கு முந்தின நாள், வந்தவர்களில் ஒருவர் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார். யாழ்க்காரியின் விரல்கள் தரையில் உதிர்ந்து கிடந்தன. பஞ்சில் பொறுக்கினேன்.

"அழாதீங்கக்கா. நீங்கதான் நல்லா வரைவீங்களே, புதுசா ரெண்டு விரல் போட்டு விட்டுடுங்க" என்றார் ஹாஸிம்.

நான் அழவில்லை, ஐயா.

விருந்தாளிகள் கிளம்பினார்கள். காவலர்களும் பெருநாளுக்கு வீட்டுக்குப் போய்விட்டார்கள். கீழே வைத்திருந்த விளக்கை எடுக்க ஹாஸிம், ஓவிய அறையின் தரையில் இருக்கும் குழி வழியே, ஏணியில் புதைகுழி அறைக்குள் இறங்கினார். ஏணியை மேலே இழுத்துக்கொண்டேன்.

"அக்கா, ஏணி சரிஞ்சிடுச்சு போல. கொஞ்சம் பிடிங்க" என்று சிரித்தபடியேதான் கூப்பிட்டார்.

கீழறை வெறும் பாறை, ஓவியம் கிடையாது. அதை யோசித்துத்தான் செய்தேன். குழியின் வாயில் பலகைகளைப் பரப்பி, கனமான பெட்டிகளை ஏற்றி, ஈரம் மேலே வராதபடி விளிம்பெல்லாம் பிளாஸ்டிக் தாள் ஒட்டினேன். சாவி கல்லறையின் இரும்புக் கதவிலேயே தொங்கியது. பூட்டிவிட்டு வந்தேன்.

பெருநாள் அன்று சுவரைப் பார்க்கப் போனேன். நன்றாகக் காய்ந்திருந்தது. கீழே இடைவிடாமல் தட்டும் சத்தம். அந்த அதிர்வில் வண்ணம் உதிருமோ என்றுதான் கவலையாக இருந்தது.

திரும்பும்போது படகுத்துறையில் அவர் மனைவி மிர்வத் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெருநாள் சாப்பாட்டுக்குக்கூட வரலக்கா. அவரப் பாத்தீங்களா?"

"கெய்ரோவுக்குப் போயிருப்பாரும்மா" என்றேன்.

அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார். நான் பொய் பேசுகிறவள் இல்லை, ஐயா. கெய்ரோ என்று சொன்ன அந்த ஒரு வார்த்தை மட்டும்தான் என்னை உறுத்துகிறது.