மருந்துக்கு அடங்காதவன்

விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள்... போதும்.

விடியற்காலை நாலரை மணி. ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கமாகப் போகிற சாலை. ஈ காக்கை இல்லை. என் நண்பனின் சின்ன அத்தை தனியாக நடந்து வந்துகொண்டிருந்தாள். அங்கே அவளுக்கு நர்ஸ் வேலை. புருஷன் செத்த துக்கம் முடிந்து அன்றுதான் திரும்புகிறாள். துக்கம் என்றா சொன்னேன்... வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாளாம்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் அவன். இவள் சம்பளத்தில் உட்கார்ந்து தின்றுவிட்டு இவளையே "ஓசிச்சோறு" என்று கூப்பிடுவான். கதவைச் சாத்திக்கொண்டுதான் அடிப்பான், வெளியே தங்கக்கம்பி. காலில் வந்த புண் சீழ் பிடித்து, எந்த மருந்துக்கும் அடங்காமல், அவள் வேலை பார்த்த வார்டிலேயே உயிரை விட்டான்.

வார்டுக்குள் நுழைந்தாள். பினாயில் வாடை. அதற்கு அடியில் மெலிதாக... அழுகிய பழம் மாதிரி... அவன் புண்ணின் வாடை. அவன் கட்டிலில் இப்போது ஒரு தையல்காரர். இடுப்பெலும்பு முறிந்து வந்தவர், எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர். திடீரென்று காய்ச்சல். எந்த மருந்தும் கேட்கவில்லை.

அவன் கிருமிதானா என்று டாக்டரிடம் கேட்டாள். இல்லை, இது வேறு கிருமி என்றார் அவர்.

"ஆனா மருந்துலேருந்து தப்பிக்கிற வித்தை அதேதான். ஒரு கிருமி இன்னொண்ணுக்குக் கைமாத்தி விட்டுடும்மா. செத்ததுகிட்டேருந்துகூட உயிரோட இருக்கறது எடுத்துக்கும்."

அவர் போனதும் ஊசி போடக் குனிந்தாள். தையல்காரர் கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. மெதுவாக... பிரியமாக...

"ஏய் ஓசிச்சோறு. வந்துட்டியா?"

மறுநாள் தையல்காரர் செத்துப்போனார். அடுத்த கட்டிலில் ஒரு வாத்தியார். இன்னொரு கிருமி, அதே வித்தை. அவரும் அதையே சொல்லிவிட்டுத்தான் செத்தார். அவருக்குப் பிறகு, கல்யாணமாகி வருஷம்கூட ஆகாத ஒரு பெண். பெண் வாயில் ஆண் குரல்.

தலைமை நர்ஸிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அத்தை பச்சைக் குழந்தைகள் பிரிவுக்கு மாறிக்கொண்டாள். பேச்சு வராத ஜீவன்களிடம் என்ன பயம்? முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவாள்.

கொஞ்ச நாள் நிம்மதி. பிறகு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த குறைமாதக் குழந்தைக்குக் காய்ச்சல். மருந்து மாற்றினார்கள். மறுபடி மாற்றினார்கள். எதுவும் கேட்கவில்லை.

சூடு பார்க்க அத்தை கையை உள்ளே விட்டாள். வீறிட்டுக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று நிறுத்தியது. தீக்குச்சி மாதிரி விரல்கள்... அவள் சுண்டுவிரலைச் சுற்றிக்கொண்டன.

அப்புறம், நிதானமாக, அதைப் பின்பக்கம் மடக்க ஆரம்பித்தன.

'மளுக்' என்ற சத்தம் கண்ணாடிக்கு வெளியே நின்ற தாய்க்கும் கேட்டதாம்.