லத்தீனில் இல்லாத நாலடி

“அது என் பாட்டு, லாம்பெர்ட்.”

“உன் பாட்டா? ரோமாக்காரன் செத்து ஆயிரத்து அறுநூறு வருஷம் ஆச்சு. நீ அவன் வீட்ல திருடின, நான் உன் வீட்ல திருடினேன். இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறியே, வாத்தியாரே.”

லண்டனில், ஒரு புத்தகக்கடை வாசலில் நடந்த பேச்சு இது. நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சண்டைக்காரன் இல்லை. பள்ளியில் லத்தீன் சொல்லிக்கொடுப்பவன். பெயர் தோபியாஸ் ராக்.

நாளையை நம்பாதே, இன்றைய மதுவை இன்றே குடி என்று பழைய ரோமாபுரிக் கவிஞர் ஒருவர் லத்தீனில் எழுதிய பாட்டு அது. என் மனைவி உர்சுலா சாகக் கிடந்த மாதத்தில் அதை ஆங்கிலத்தில் எழுதினேன். ரோமாக்காரர் அழைத்த பெண்ணின் பெயரை எடுத்துவிட்டு உர்சுலாவின் பெயரை வைத்தேன். மொழிபெயர்ப்பவர்கள் அப்படிச் செய்வது வழக்கம். ஓரடி முடிந்ததும் படித்துக் காட்டுவேன். “இன்னொரு தடவை” என்பாள்.

கைப்பிரதியை நண்பர்களுக்குள் சுற்றுக்கு விடுவதும் வழக்கம்தான். வாங்கிப்போன லாம்பெர்ட் ஆக்ஸ்லி அதைத் தன் பெயரில் அச்சிட்டான். உர்சுலா இருந்த இடத்தில், தன்னை ஆதரிக்கும் சீமாட்டி பார்பராவின் பெயரைப் போட்டிருந்தான்.

மறுபதிப்புக்கு முன்னால் வெட்கமில்லாமல் வந்தான். “புதுசா ஏதாவது குடேன். சீமாட்டி கேக்குறாங்க.”

“அந்தப் பாட்டோட கடைசி நாலடிய நான் விட்டுட்டேன். சேத்துக்க” என்று கொடுத்தேன்.

கடல் தாண்டிப் போன இளவரசனுக்கு இந்தக் கோப்பை, நாளை அவன் திரும்புவான் என்று எழுதியிருந்தேன். நாளையை நம்பாதே என்கிற பாட்டில் அப்படி ஓரடி வருமா? லாம்பெர்ட்டுக்கு லத்தீனும் தெரியாது, பாட்டும் புரியாது. யாரோ ரோமாபுரி இளவரசன் என்று நினைத்துக்கொண்டான். எங்கள் மன்னரின் தலையை வெட்டி நான்கு வருடம் ஆகியிருந்தது. தப்பிப்போன அவர் மகன் பேரைச் சொல்லிக் குடித்தாலே சிறை.

புத்தகத்தை அதிகாரிகளுக்கு அனுப்பியவன் நான்தான். எனக்கு லத்தீன் தெரியும் என்றும் கடிதத்தில் எழுதினேன்.

லாம்பெர்ட்டைப் பிடித்து நடத்திய விசாரணையில் சீமாட்டி முன்வரிசையில் இருந்தார். “மொழிபெயர்த்தது யார்?” என்று நீதிபதி கேட்டார்.

“நான்தாங்க.”

“இந்த நாலடி?”

“மூலத்துல இருக்குங்க.”

என்னைக் கூப்பிட்டு மூலத்தைக் கையில் கொடுத்தார்கள். நிதானமாகப் படித்தேன். “இதுல இல்லங்க. முழுக்க அவரோட சொந்தச் சரக்கு” என்றேன்.

லாம்பெர்ட் என்னைப் பார்த்தான். பிறகு சீமாட்டியைப் பார்த்தான். திறந்த வாயை மூடிக்கொண்டான்.

அவன் மனைவி ஜூடித் கைக்குழந்தையோடு என்னிடம் வந்தாள். “வாத்தியாரையா, அது நீங்க எழுதினதுன்னு அவரு இப்ப சொல்றாரு. யாரும் நம்பல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்க. ஜெயில்ல காய்ச்சல் பரவுதுங்க.”

“கவிஞன்னு பேர் வாங்க அவ்வளவு ஆசப்பட்டாரு. அத நான் எப்படிம்மா பறிக்கிறது?” என்றேன்.

பன்னிரண்டு நாளில் காய்ச்சல் அவனைக் கொண்டுபோனது. அடுத்த வாரம், அவனைப் பார்க்க ஜூடித் சிறைக்குத் தூக்கிப்போன குழந்தையையும்.

எல்லாம் உர்சுலாவுக்காகச் செய்ததுதான். புத்தகங்களை எரித்துவிட்டார்கள், சில பிரதிகள் தப்பியிருக்கும். உங்களிடம் ஒன்று இருந்தால், அந்த நாலடியைப் படித்துவிட்டு எனக்குப் பதில் போடுங்கள். மற்ற எல்லா அடியையும்விட அது நன்றாக இல்லையா? அதைப் பற்றி எழுதும்போது, இயற்றியவன் என்று என் பெயரைப் போட்டே எழுதுங்கள்.